மூன்றாம் பாகம் வரவில்லை

பற்பசை டப்பாவைக் கடையிலேயே காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தவர்களே, இது உங்களுக்காக. உள்ளே ஒரு பிளாஸ்டிக் மிருகம் இருக்கும், சுண்டுவிரல் நீளத்துக்கு. ஒட்டகமா கங்காருவா என்பது பிரித்தால்தான் தெரியும். ஆனாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்று நாம் எல்லோரும் நம்பினோம். எங்கள் வீட்டில் ஒரே கோடையில் ஏழு காண்டாமிருகம் சேர்ந்துவிட்டது. ஒட்டகம் வரவே இல்லை. டியூப் சீக்கிரம் தீரட்டும் என்று தம்பி நாளைக்கு நான்கு வேளை பல் தேய்த்தான். "பிள்ளைக்கு எம்புட்டு சுத்தம் பாருங்க" என்று அம்மா அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாள்.

டெல்லியில் ஏஷியாட் விளையாட்டு முடிந்த மறு கோடை அது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கீழ் வீடு. எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஏழு. அப்பா ஓர் அமைச்சகத்தில் ரிக்கார்டு செக்‌ஷன் குமாஸ்தா. வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசல்படி தாண்டினால் ஹிந்தி. எதில் யோசிக்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை. நாங்களும் யோசித்ததில்லை.

இப்போது பெரிய மண்டபம் பிடித்து, டிக்கெட் போட்டு, காமிக்ஸ் ஹீரோ மாதிரி உடுத்திக்கொண்டு திருவிழா நடத்துகிறார்கள் இல்லையா? போன வருஷம் என் மகள் என்னை ஒன்றுக்குக் கூட்டிப் போனாள். முப்பது வயதுப் பையன் ஒருவன், மீசை எல்லாம் வைத்தவன், ஒரு பழைய ஹிந்தி காமிக்ஸைக் கண்ணாடித் தாள் உறைக்குள் போட்டு ஒட்டி வைத்திருந்தான். "பிரித்துப் பார்க்கலாமா?" என்றேன். "ஐயோ ஆன்டி, பிரித்தால் மதிப்புப் போய்விடும்" என்றான். மகள் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன் என்று அவள் நினைத்தாள்.

எங்கள் திருவிழா ஞாயிற்றுக்கிழமை காலை, பிளாக்கின் மாடிப்படியில். அதற்குப் பெயர் அத்லா-பத்லி. கொடுத்து மாற்றுவது, அவ்வளவுதான். வெளியே லூ காற்று முகத்தைச் சுடும்போது அந்த சிமென்ட் படி மட்டும் தொடைக்குக் கீழே பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடக்கும். ஆளுக்கொரு படி. மடியில் புத்தகம், பக்கத்தில் மிருகங்கள். நான்கு பிளாக்கிலிருந்து பிள்ளைகள் வருவார்கள்.

சட்டதிட்டம் கடுமையானது. ஒரு காமிக்ஸுக்கு ஒரு காமிக்ஸ். அட்டை இல்லையென்றால் பாதி மதிப்பு. அரிதான மிருகம் ஒன்றுக்கு இரண்டு காமிக்ஸ். தைத்த புத்தகம் செல்லாது. ஏனென்றால் மார்க்கெட்டில் நாள் வாடகைக்குக் காமிக்ஸ் விடும் கடைக்காரர் எல்லாவற்றையும் சணல் நூல் போட்டுத் தைத்து வைத்திருப்பார். தைத்த புத்தகம் ஒன்று படிக்கு வந்தால் அது அவர் கடையிலிருந்து கிளப்பியது என்று அர்த்தம். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவளே நான்தான்.

என்னிடம் இருபத்தேழு காமிக்ஸ் இருந்தன, எல்லாம் ஹிந்தி. அதில் எனக்கு உயிர், கடலுக்கடியில் ஓடும் ரயிலைப் பற்றிய ஒரு கதை. மூன்று பாகம். ஓட்டுநருக்கு ஒரு கைதான். இரண்டாம் பாகத்தின் கடைசிப் படத்தில் சுரங்கம் விரிசல் விட்டு, தண்ணீர் பீறிட்டு, பின்னால் பெட்டிகளில் ஜனங்கள் அலற, அந்த ஒற்றைக் கை பிரேக் மேல் இருக்கும். இழுத்தானா, இல்லையா? மூன்றாம் பாகம் டெல்லியில் எந்தக் கடைக்கும் வரவில்லை. மாடி வீட்டுப் பையனிடம் மட்டும் இருந்தது. கான்பூர் மாமா அனுப்பியது.

அவனுக்கும் என் வயதுதான். என்னை "ஏ மதராசன்" என்று கூப்பிடுவான், மதராசிப் பெண்ணுக்கு ஹிந்தியில் அப்படித்தான். நான் அவனை "ஏ கான்பூர்" என்பேன். ஹிந்தியில்தான் பேசுவோம். ஆனால் அவன் பேசியது எனக்கு இப்போது தமிழில்தான் காதில் விழுகிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன். அந்த மூன்றாம் பாகத்தை அவன் யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டான். கதையையும் சொல்ல மாட்டான். "படிச்சிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான், ஏதோ கங்கையில் முழுகி வந்தவன் மாதிரி.

பேரம் பேசிப் பேசி அவனை ஒரு கணக்குக்குக் கொண்டுவந்தேன். மூன்றாம் பாகத்துக்குப் பன்னிரண்டு காமிக்ஸ், அவனே பொறுக்கி எடுப்பான். கொள்ளைதான். சம்மதித்தேன். கை குலுக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் எனக்கு அம்மை போட்டது.

முன்னறையில் வேப்பிலை கட்டி என்னைப் படுக்க வைத்தார்கள். பதிமூன்று நாள். படிக்கக் கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று அம்மா காமிக்ஸ் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டு போனாள். "எங்க கொண்டு போற?" என்று கேட்டேன். "அப்பாட்ட கொடுக்கேன். பத்திரமா வச்சிருப்பாவ. நீ சொறியாம கெட" என்றாள். கூலரின் வெட்டிவேர் வாசனையும் வேப்பிலை வாசனையும் கலந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு அரிக்கும்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, ஜன்னலுக்கு வெளியே குரல் கேட்டது.

"ஏ மதராசன்! செத்துட்டியா?"

"இல்லை. சீக்கிரம் வரேன். வேற யாருக்கும் கொடுத்துடாதே."

"எங்கப்பாவுக்கு மாற்றல். கௌஹாத்தி. வர்ற புதன் இல்லை, அதுக்கு அடுத்த புதன்கிழமை லாரி வருது."

மேலே அவன் அம்மா கத்துவது கேட்டது. "அந்த ஜன்னல் பக்கம் போகாதேன்னு சொன்னேனா இல்லையா? ஒட்டிக்கும்!" செருப்புச் சத்தம் படியேறி ஓடியது. எனக்கு அந்த ஆன்டியை அன்றிலிருந்து பிடிக்காமல் போனது. கௌஹாத்தி எங்கே இருக்கிறது என்று தம்பியை அட்லஸ் எடுத்துவரச் சொன்னேன். அவன் வாசலில் நின்றபடியே விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த பக்கத்துக்குப் போயிடுதுக்கா" என்றான்.

வெள்ளிக்கிழமை எனக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டார்கள். ஞாயிறு ஒன்றுதான் பாக்கி, புதன் லாரி. நான் கேட்ட முதல் கேள்வி, "என் காமிக்ஸ் எங்க?"

அன்று சாயங்காலம் அப்பா ஆபீசிலிருந்து வந்தார். பையிலிருந்து ஒரு பொருளைச் செய்தித்தாள் சுற்றி எடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிரித்தால், செங்கல் கனத்தில் ஒரு தடிப் புத்தகம். கறுப்பு காலிகோத் துணி ஒட்டிய முதுகு. பழுப்பு அட்டை. நடுவில் ஒரு வெள்ளைச் சீட்டில் அப்பாவின் கையெழுத்தில் என் பெயர்.

அவர் ஆபீசில் ஃபைல்களைத் தைக்கவும் ஒட்டவும் என்றே ஓர் ஆள் உண்டு. தஃப்தரி என்பார்கள். அந்தத் தஃப்தரிக்கு அம்மா சுட்ட முறுக்கு ஒரு டப்பா கொடுத்து, என் இருபத்தேழு காமிக்ஸையும் ஒரே புத்தகமாகத் தைத்து, பசை போட்டு, மூன்று பக்கமும் மெஷினில் வெட்டி நேராக்கிக் கொண்டுவந்திருந்தார்.

"எப்பிடி இருக்கு? இனி நூறு வருசம் ஆனாலும் ஒரு தாள் கழலாது, பாத்துக்கோ. பிரிட்டிஷ்காரன் காலத்து ஃபைலெல்லாம் இப்பிடித் தச்சதுதான் இன்னும் நிக்கி."

நான் ஓரங்களைத் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. சில பக்கங்களில் பேச்சுக் குமிழியின் மேல் வரி பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. பன்னிரண்டைப் பிரித்துக் கொடுப்பது எப்படி? ஒன்றைக்கூடக் கொடுக்க முடியாது. எல்லாம் ஒன்று.

"ஏன்ப்பா இப்பிடிப் பண்ணுனீங்க? யாரு கேட்டா? உங்க ஆபீஸ் குப்பை மாதிரி ஆக்கிட்டீங்களே!"

கத்திவிட்டேன். அப்பா செருப்பைக் கழற்றாமல் நின்றார். அம்மா அடுக்களையிலிருந்து வந்து, "ஏட்டி, அப்பாட்ட பேசுத பேச்சா இது? ஆசையா செஞ்சு கொண்டாந்திருக்காவ" என்றாள். நான் விக்கி விக்கிப் பேரத்தைச் சொன்னேன், பன்னிரண்டு, மூன்றாம் பாகம், புதன்கிழமை. அப்பா முழுக்கக் கேட்டார். சனிக்கிழமை புத்தகத்தைத் திரும்ப ஆபீசுக்கு எடுத்துப் போய், மத்தியானம் அதே பையில் கொண்டுவந்தார்.

"தஃப்தரிட்ட கேட்டேன். நூலை வெட்டிரலாமாம். பசை விடாதாம், தாளு கிழிஞ்சிருமாம். வெட்டுன ஓரத்த எங்க போயி ஒட்ட?" குரல் இறங்கியிருந்தது. "அவன் வேற கோவிச்சுக்கிட்டான், நல்லாத் தச்சதப் பிரிக்கச் சொல்லுதீயளேன்னு."

ஞாயிற்றுக்கிழமை அந்தச் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு படிக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து அழுவதைவிட அது மேல் என்று தோன்றியது. எல்லோருக்கும் கீழே கடைசிப் படியில் உட்கார்ந்தேன். அம்மைத் தழும்பு மூஞ்சியோடு வந்ததால் யாரும் அருகில் வரவில்லை. கான்பூர் மட்டும் ஆறு படி இறங்கி வந்தான். மேலே ஒரு தடவை பார்த்துக்கொண்டான். அம்மா தூங்குகிறாளாம்.

"அரே! இது காமிக்ஸா, கோர்ட்டுக் கேஸா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் அதைப் பிடுங்கி மடியில் வைத்துத் திறந்தான். நான் கோபத்தில் அதுவரை முதல் தாள்களைக் கவனிக்கவே இல்லை. முன்னால் இரண்டு தாள், ஆபீஸ் இங்கிலீஷில் டைப் அடித்த அட்டவணை. பக்க எண் எல்லாம் சிவப்பு மையில். அவன் ஏற்ற இறக்கத்தோடு படிக்க ஆரம்பித்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"வரிசை எண் நான்கு. அரக்கன் இளவரசியைக் கடத்துகிறான். மேல் நடவடிக்கை இல்லை."

படியெல்லாம் சிரிப்பு.

"வரிசை எண் பதினொன்று. கடலுக்கடியில் ரயில், முதல் பாகம். ஓட்டுநர் ஒரு கை இழந்தவர். இருப்பினும் பணியில் நீடிக்க அனுமதிக்கப்பட்டுள்ளார்."

வங்காளிப் பெண் ஒருத்தி சிரித்துச் சிரித்துத் தலையைச் சுவரில் இடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டியது.

"வரிசை எண் பதினாறு. மேற்படி, இரண்டாம் பாகம். விரிசல். வெள்ளம். பிரேக் இழுப்பது குறித்து முடிவு நிலுவையில் உள்ளது." அவன் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனான். நிறுத்தினான். பிறகு மெதுவாகப் படித்தான். "வரிசை எண் பதினேழு. மேற்படி, மூன்றாம் பாகம். வரவில்லை. முப்பத்திரண்டு பக்கங்கள் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளன."

பக்கங்களைப் புரட்டினான். இரண்டாம் பாகத்துக்குப் பின்னால் பதினாறு வெள்ளைத் தாள், தைத்து, வெட்டி, எண் போட்டு, வெறுமையாக இருந்தது.

அப்பாவுக்கு ஹிந்தி வராது. ஆபீஸ் ஹிந்திப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவர். பால்காரரிடம் பேசவே என்னைக் கூப்பிடுவார். அந்த மனிதர் நான் படுத்திருந்த நாட்களில், சாப்பாட்டு இடைவேளையில், இருபத்தேழு காமிக்ஸையும் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். படிக்காமல் அந்த அட்டவணையை எழுத முடியாது. இதெல்லாம் இப்போது நான் கூட்டிப் பார்ப்பது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, முப்பத்திரண்டு வெள்ளைப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான்.

அவனுக்கும் அதுதான் தெரிந்தது.

"கொடுக்க மாட்டேன்" என்றான். "உன்கிட்ட மாத்த ஒண்ணுமில்லை. ஆனா பார்த்து வரைஞ்சுக்கோ. என் கையை விட்டுப் போகாது. பக்கத்துக்குப் பக்கம்தான் திருப்புவேன். முன்னாடி எட்டிப் பார்த்தா அவ்வளவுதான், மூடிடுவேன்."

"சத்தியம்."

"விநாயகர் மேல?"

"முருகன் மேல. மலை மந்திர்ல வந்து சொல்லட்டுமா?"

நான் அடிப்படியில், அவன் மூன்று படி மேலே. அவன் அம்மா மத்தியானம் எழுந்து பார்த்துவிட்டுப் போட்ட விதி அது. "மூணு படி தள்ளி உட்காரு. அவளைத் தொட்டே, கௌஹாத்திக்கு உன்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்." அவன் புத்தகத்தை இரு கையாலும் விரித்து முழங்காலில் நிறுத்திப் பிடிப்பான். நான் வரைவேன். தூரத்தில் எழுத்து சரியாகத் தெரியாததால் அவனே வசனத்தைப் படிப்பான், குரல் மாற்றி மாற்றி. அலறும் ஜனங்களுக்கு எல்லோருக்கும் ஒரே குரல். தம்பி நீலம் அடித்தான். கடல் என்பதால் அவனுக்கு ஓய்வே இல்லை. இரண்டு நாளில் நீலப் பென்சில் சுண்டுவிரல் நக அளவுக்கு வந்துவிட்டது.

திங்கள் சாயங்காலம் அப்பா ஆபீசிலிருந்து வந்து, படியடியில் டிபன் காரியரோடு நின்று பார்த்தார். நான் நிமிரவில்லை. "பக்க எண்ணை மறைக்காம வரையுங்க" என்றார்.

"மறைக்கலப்பா" என்றேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை. மறுநாள் காலை என் தலைமாட்டில் ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் நீலமுமாக ஆபீஸ் பென்சில் இரண்டு இருந்தன.

செவ்வாய் விளக்கு வைக்கும் வரை வரைந்தோம். இருபத்து மூன்று பக்கம் முடிந்தது. அவசரத்தில் ரயில் பெட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. புதன் காலை ஆறு மணிக்கே உட்கார்ந்தோம். லாரி எட்டு மணிக்கு வந்துவிட்டது. எங்கள் தலைக்கு மேலே கட்டில், பீரோ, ஸ்டீல் டிரம் எல்லாம் இறங்கின. ஒவ்வொரு சாமானுக்கும் நாங்கள் சுவரோடு ஒட்டி எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தோம். மனிதர்களை வட்டமும் கோடுமாகப் போட ஆரம்பித்தேன். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பதாம் பக்கத்தில் தண்ணீர் ஓட்டுநரின் கழுத்துக்கு வந்துவிட்டது. கை இன்னும் பிரேக்கின் மேலேயே இருந்தது.

"பேட்டா! ஜல்தி! எல்லாரும் ஏறியாச்சு!" லாரியிலிருந்து அவன் அம்மாவின் குரல் வந்தது.

அவன் எழுந்தான். நானும் எழுந்தேன். "ரெண்டே பக்கம்தான். ரெண்டே பக்கம், கான்பூர். முடிவு மட்டும் சொல்லிட்டுப் போயேன்."

"சொன்னா எப்படி? அதைப் பார்க்கணும்."

லாரிப் பக்கம் நாலு எட்டு வைத்தான். நின்றான். திரும்பி வந்து, கடைசித் தாளைப் பிடித்து, ஒரே இழுப்பில் கிழித்தான். அதோடு ஒரே தாளாக மடித்துப் பின் அடித்திருந்த முதல் தாளும் கூடவே பிய்ந்து தொங்கியது. மூன்று படி விதியை மறந்து என் கையில் அந்தத் தாளைத் திணித்தான்.

அவன் அம்மா லாரியின் முன்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தாள். "போற நேரத்துல புத்தகத்தைக் கிழிக்கிறியா? மாமா ஆசையா அனுப்பினது. மூளை இருக்கா உனக்கு?" பொளேர் என்று முதுகில் ஒன்று விழுந்தது. அவன் முதுகைத் தடவிக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை. எனக்காகக் கிழித்தேன் என்று சொல்லவும் இல்லை. லாரியில் ஏறி, ஜன்னல் ஓரத்தில், முன்னும் பின்னும் தாள் இல்லாத அந்தப் புத்தகத்தை மடியில் வைத்து உட்கார்ந்தான்.

நான் சொல்லியிருக்கலாம். ஆன்டி, அவனை அடிக்காதீங்க, எனக்குக் கொடுக்கத்தான் கிழித்தான். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அந்த பிளாக்கில் என்னைவிட வேகமாக ஹிந்தி பேசுகிறவர்கள் யாரும் கிடையாது. கையில் தாள் இருந்தது. கண் அதன் மேலேயே இருந்தது. ஓட்டுநர் பிரேக்கை இழுக்கவில்லை. கையை எடுத்து வேகத்தைக் கூட்டிவிட்டான். ரயில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெயிலடிக்கும் கரையில் ஏறியது. எல்லா ஜன்னலிலும் ஜனங்கள். நான் ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

லாரி கிளம்பியபோது அந்த ஆன்டி தலையை வெளியே நீட்டி, மகளே என்று கூப்பிட்டாள்.

"பேட்டி, வெயில்ல நிக்காதே. உடம்பு இன்னும் தேறல உனக்கு. உள்ளே போ."

"அச்சா, ஆன்டி" என்றேன். என் வாயிலிருந்து அது மட்டும்தான் வந்தது.